காசு வாங்காமல் பாடம் எடுக்கும் மாடி வீட்டு சாருக்கு நாங்கள் என்ன செய்வது?

உறையூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். உயிரியல், கணிதம் சேர்ந்த பிரிவு. எங்கள் மாடியில் குடியிருப்பவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். காலாண்டில் கணிதத்தில் 41 வாங்கியதை இவன் மாடிப்படியில் உட்கார்ந்து நண்பனிடம் போனில் புலம்பியிருக்கிறான். அது சார் காதில் விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணி ஆனால் "நோட்டை எடுத்துக்கிட்டு மேல வாடா" என்று குரல் வந்துவிடும்.

இப்போது அரையாண்டு நெருங்குகிறது. பையனும் முன்பு போல் கணக்கைக் கண்டு ஓடுவதில்லை. பணத்தைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, "அப்படின்னா நாளையிலிருந்து அனுப்பாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியில் டியூஷன் என்றால் இந்தப் பக்கம் ஒரு பாடத்துக்கு மாதம் 1,500 கேட்கிறார்கள். அதைக் கவரில் போட்டு அவர் மனைவி கையில் கொடுத்துவிடு, யாருக்கும் கடன்பட வேண்டாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பொங்கலுக்கு வேட்டி சேலை எடுத்துக் கொடுத்தால் போதுமா? உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

மாடித்தோட்டம்:

கவர் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். இரண்டு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அப்படித் தந்தால்தான் அந்தக் கிண்ணம் மறுபடி வரும். கவர் கொடுத்தால் அன்றோடு கணக்கு முடிந்தது, போக்குவரத்தும் முடிந்தது. வேட்டி சேலை சரி, ஆனால் அது வருஷத்துக்கு ஒரு முறை. அவர் தினமும் அல்லவா செய்கிறார்?

கணக்குப்பிள்ளை:

நான் உங்கள் கணவர் கட்சி. ஓசியில் கிடைக்கிற உதவிக்குத்தான் விலை அதிகம். எங்கள் காம்பவுண்டில் ஒருவர் என் தம்பிக்கு ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். அவனுக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகும் "என் கையால படிச்சவன்" என்று கல்யாண வீடு, காதுகுத்து ஒன்று விடாமல் சொல்லிக் காட்டினார். அதுகூடப் பரவாயில்லை. பாடம் மனசில் ஏறவில்லை என்றால் பீஸ் வாங்குகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சும்மா சொல்லித் தருகிற மாடி வீட்டுக்காரரிடம் எப்படி நிறுத்துவீர்கள்? தினமும் அதே படியில்தானே ஏறி இறங்க வேண்டும்?

சாக்பீஸ் தாத்தா:

அம்மா, நானும் ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர்தான், இயற்பியல். உங்கள் மாடி வீட்டுக்காரர் இடத்திலிருந்து சொல்கிறேன். ஓய்வூதியம் மாதா மாதம் வந்துவிடுகிறது. காலை பள்ளி மணி அடிக்கிற நேரத்துக்கு நமக்குப் போக ஓர் இடம் இல்லை என்பதுதான் குறை. உங்கள் மகன் ஏழு மணிக்கு மேலே போகிறான் என்றால் அவருக்கு அந்த நாளில் ஒரு பீரியட் இருக்கிறது. அதற்கு நீங்கள் கவர் நீட்டினால் கோபம்தான் வரும். எனக்கும் வரும்.

ஆனால் எங்களுக்குத் தேவையே இல்லை என்று நினைக்காதீர்கள். நிறைய இருக்கிறது, வாய் திறந்து கேட்க மாட்டோம். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டிய நேர்காணலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கருவூலத்துக்குப் போய் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவோம். 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தது, விரல்ரேகை வைத்தால் போதும் என்றார்கள். எழுபதைத் தாண்டியவன் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கருவியில் விழாது. 2021-இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று வசதி வந்த பிறகுதான் நிம்மதி. அதற்கும் போனில் இரண்டு செயலி இறக்க வேண்டும், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், சொன்ன நேரத்தில் இமைக்க வேண்டும். எனக்கு அதைச் செய்து கொடுத்தது எதிர் வீட்டுப் பெண், பிளஸ் ஒன் படிக்கிறாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, "தாத்தா, சிரிக்காதீங்க, கண்ணை மட்டும் மூடித் திறங்க" என்று அதட்டி முடித்துவிட்டாள்.

ஒன்று மட்டும் கவனம். ஓடிபி வந்தால் நானே படித்து நானே தட்டுவேன். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுக்க மாட்டேன். அது அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு. நாளை ஏதாவது பணம் குறைந்தால் குழந்தை பேரில் பழி வரக் கூடாது பாருங்கள்.

அப்புறம், 41 வாங்கிய பையனுக்குச் சொல்லுங்கள்: பிளஸ் டூ கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90-இல் ஒரு மதிப்பெண் கேள்வியே 20. பாடத்தின் முடிவில் வருகிற புக் பேக் கேள்விகளை விடாமல் போட்டுப் பார்த்தவன் அந்த இருபதில் பெரும்பங்கை எடுத்துவிடலாம். ஐந்து மதிப்பெண் கணக்கில் அது இல்லாவிட்டால் இது என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் வருகிற கம்பல்சரி கேள்விதான் பெரும்பாலும் காலை வாரும். அவர் கணித வாத்தியார், இதெல்லாம் அவருக்கே தெரியும். பழக்க தோஷம், சொல்லிவிட்டேன்.

கடைசி பெஞ்ச்:

ஆன்ட்டி, நானும் பிளஸ் டூதான். பெரியவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் உங்கள் பையன் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

எங்கள் தெருவில் எனக்கு நிறைய உதவி கிடைக்கிறது. பக்கத்து வீட்டு மாமா என் ரிவிஷன் டெஸ்ட் சமயத்தில் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். கோயில் திருவிழாவில் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த குழாய் ஸ்பீக்கரைத் திருப்பியே வைத்தார்கள். நன்றிதான். ஆனால் அதற்குப் பிறகு என் மார்க் தெருவுக்கே சொந்தமாகிவிட்டது. தயிர் வாங்கப் போனால் கடைக்கார அண்ணன் "இந்த நேரத்துல வெளிய என்ன வேலை?" என்கிறார். பிசிக்ஸில் எவ்வளவு என்று கேட்டு, சொன்னால் "ஏன் குறைஞ்சுது?" என்று அடுத்த கேள்வி. காலையில் எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்டடி, பஸ் பிடித்து வீட்டுக்கு வர ஏழாகிவிடும். அதற்கு மேல் தெரு முழுக்க ஹெட்மாஸ்டர்கள்.

இன்னொன்று. பிளஸ் டூ வந்ததும் எங்களை எல்லா வேலையிலிருந்தும் ஒதுக்கிவிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால்கூட "நீ போய்ப் படி". கல்யாணத்துக்கு வராதே, கிரிக்கெட்டுக்குப் போகாதே. எல்லோரும் எனக்காகச் செய்கிறார்கள், நான் யாருக்கும் எதுவும் செய்வதில்லை. அது நீங்கள் நினைக்கிற மாதிரி சுகமாக இல்லை. சாருக்கு என்ன செய்யலாம் என்று பையனிடம் கேட்டீர்களா?

மாடித்தோட்டம்:

கடைசி பெஞ்ச் தம்பி, தெரு முழுக்க ஹெட்மாஸ்டர்கள்! சிரித்து முடியவில்லை. உண்மைதான்.

பேராவூரணித் தென்னை:

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்த நாள். நாகை, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது. கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எங்கள் தெருவில் அந்த வருஷம் பத்தாவதும் பிளஸ் டூவும் படித்த பிள்ளைகள் நிறைய. ஒருவரிடம் மட்டும் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. தண்ணீர் ஏற்றவும் போன் சார்ஜ் போடவும்தான் ஓட்டுவார். அவரே ஒரு நாள், ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை திண்ணையில் விளக்கு எரியும், பசங்க வந்து படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பெண் பிள்ளைகளுக்கு உள்ளே கூடம். புத்தகம் நனைந்தவர்கள் நனையாதவர்களோடு சேர்ந்து படித்தார்கள்.

பகலில் அந்தப் பசங்களே அவர் கொல்லையில் விழுந்த தென்னை மட்டையை எல்லாம் இழுத்துப் போட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. அவர் தோப்பில் காய்த்துக்கொண்டிருந்த மரம் எல்லாம் போய்விட்டது, மனுஷன் இடிந்துபோய் இருந்தார். சும்மா வந்து விளக்கில் உட்கார அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

பேராவூரணி அண்ணே, மொய் விருந்து வைத்து, வந்த பணத்தை நோட்டுப் போட்டு எழுதி, திருப்பிச் செய்யாதவனை ஊர் நடுவே கேட்கிற பகுதி உங்களுடையது. நீங்கள் வந்து கணக்குப் பார்க்காதே என்கிறீர்களே!

பேராவூரணித் தென்னை:

கணக்குப் பார்க்காதே என்று நான் எங்கே சொன்னேன்? அந்த ஜெனரேட்டருக்கே கணக்கு இருந்தது. டீசலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து எழுதி வைத்தோம், கொடுக்காதவர்களை விடவும் இல்லை. ஆனால் பசங்க படித்த அந்த இரண்டு மணி நேர டீசலை அவர் அந்த நோட்டில் ஏற்றவே இல்லை. கேட்டதற்கு "அது தனி" என்றார். மொய் நோட்டு வைத்திருக்கிறவனுக்குத்தான் எதை நோட்டில் எழுதக் கூடாது என்றும் தெரியும் தம்பி.

செங்கல்பட்டு லோக்கல்:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "பிள்ளையை வேலைக்கு அனுப்புங்கள்" என்பது பையனுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு வேறு மாதிரியும் நடக்கும். நான் பத்தாவது படித்தபோது பக்கத்து வீட்டு அக்கா எனக்கு அறிவியல் சொல்லித் தந்தார். பதிலுக்கு என் அம்மா என்னை அங்கே அனுப்பினார். முதலில் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது. அப்புறம் சப்பாத்தி தேய்ப்பது. அப்புறம் பாத்திரம். படிக்கப் போன இடத்தில் பாதி நேரம் அடுப்படியில். அதே அக்காவிடம் படித்த எதிர் வீட்டுப் பையனை ஈபி பில் கட்டக்கூட அனுப்பவில்லை. "பரிமாற்றம்" என்று அழகாகச் சொல்வதற்கு முன், இன்ன வேலை, இவ்வளவு நேரம் என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பரீட்சை மாதத்தில் அதுவும் கிடையாது என்று சொல்லிவிட வேண்டும்.

பையனோ பெண்ணோ, எவ்வளவு நல்லவர் வீடாக இருந்தாலும், பாடம் நடப்பது கூடத்தில், கதவு திறந்த இடத்தில். அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தால் அன்று உங்கள் வீட்டில். இதைச் சொன்னால் நல்ல ஆசிரியர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாக்பீஸ் தாத்தா:

கோபித்துக்கொள்ள மாட்டோம். நான் முன்வராந்தாவில் பலகையை மாட்டியிருப்பதே அதற்குத்தான்.

மட்டுறுத்துநர்:

பள்ளி, ஆசிரியர் பெயர்களோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். குறை சொல்லும்போது பெயர் வேண்டாம்.

திண்ணைப் பள்ளி அக்கா:

நான் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருந்தவள், விழுப்புரம் மாவட்டம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததற்குப் பிறகு, 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம்தான் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு சாயங்காலம் வகுப்பு, ஒரு தன்னார்வலருக்கு அதிகபட்சம் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இடம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் திண்ணை தந்தது ஒரு வீடு, பல்புக்குக் கரண்ட் தந்தது அடுத்த வீடு, பாய் கொண்டுவந்தது பிள்ளைகள்.

ஒன்பதாவது போனவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஆனால் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போ என்று சொல்ல மனமில்லை, தனியாகப் பாடம் எடுக்க நேரமில்லை. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கேட்கிற வேலையையும் வாசிக்க வைக்கிற வேலையையும் அவர்களிடம் கொடுத்தேன். வகுப்பு முடிந்த பிறகு அரை மணி நேரம் அவர்கள் சந்தேகத்துக்கு. இங்கிலீஷ் கிராமர் என்றாலே அழுகிற ஒரு பெண், ஆறாவது பையனுக்கு was, were சொல்லிக் கொடுக்க வேண்டி வந்ததால் தானே உட்கார்ந்து படித்தாள்.

உறையூர் அக்கா, வாங்கிய இடத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? உங்கள் காம்பவுண்டில் ஆறாவது, ஏழாவது பிள்ளை ஒன்று இல்லாமலா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உங்கள் மகன் அதற்குப் பின்னம் சொல்லித் தரட்டும். சார் காதுக்கு அது போகும். வேட்டியைவிட அவருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பிரெய்ல் தோழன்:

நான் பார்வையற்ற மாணவன், பி.ஏ. தமிழ். இந்த இழையை என் போன் படித்துக் காட்டியது. எங்களுக்குத் தெருவிலிருந்து வேண்டிய உதவி ஒன்று இருக்கிறது, ஸ்க்ரைப். நாங்கள் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர். 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், நாமே அழைத்து வருகிற ஸ்க்ரைப் நம்மைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. விதி மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்தக் கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு செமஸ்டர் எழுதித் தந்தது அடுத்த தெருவில் பிளஸ் ஒன் படித்த தம்பி. கையெழுத்து மணிமணியாக இருக்கும். அதைவிட முக்கியம், நான் சொன்னதை மட்டுமே எழுதுவான்.

பதிலுக்கு நான் அவனுக்கு அலகிடுதல், அதாவது செய்யுளை அசை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வது, சொல்லிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்து அசை பிரிக்கிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். காதால் பிரித்தால் சுலபம். நேர் அசைக்கு மேஜையில் ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு தட்டு. முதல் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். அகர, புளிமா. முதல, புளிமா. எழுத்தெல்லாம், புளிமாங்காய். ஆதி, தேமா. கடைசிச் சீர் "உலகு" வரும்போது பாதிப் பேர் "மலர்" என்று எழுதிவிடுவார்கள், குற்றியலுகரத்தை மறந்துவிட்டு. அது பிறப்பு. தம்பி ஒரு தடவை அப்படித் தட்டிப் பழகியதும் குறளைப் பார்த்தாலே விரல் தானாக ஆடுகிறது என்று அவன் அம்மா சொன்னார்.

எனக்கு அவன் பாவம் பார்த்து எழுதவில்லை. அவனுக்கு நான் பாவம் பார்த்துச் சொல்லித் தரவும் இல்லை.

கடைசி பெஞ்ச்:

அண்ணா, ஒரு தட்டு இரண்டு தட்டு இப்போதே போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது! "பிறப்பு" எனக்கு எப்போதும் தப்பும். எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்க்ரைப் தேவைப்பட்டால் தேர்வு முடிந்ததும் நான் வருகிறேன், ஏப்ரலில் சும்மாதான் இருப்பேன்.

பிரெய்ல் தோழன்:

ஏப்ரலில்தான் எங்களுக்கு செமஸ்டர். தனிச்செய்தி அனுப்புகிறேன்.

உறையூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. மகனிடம் கேட்டேன். "சாருக்கு ஏற்கெனவே செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன், உனக்குத் தெரியாது" என்கிறான். சார் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறான். அமெரிக்காவில் இருக்கிற பேத்தியோடு வீடியோ காலில் பேச வைத்திருக்கிறான். போன மாதம் நேர்காணலும் போனிலேயே முடித்தார்களாம். இவ்வளவும் மேலே நடந்திருக்கிறது, கீழே எனக்கு ஒரு தகவல் இல்லை.

செங்கல்பட்டு தோழி சொன்னது மனதில் பட்டது, அதனால் சார் வீட்டம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். "ஞாயித்துக்கிழமை தென்னூர் உழவர் சந்தைக்கு என்னோட வரச் சொல்லு, கைப்பையைத் தூக்க முடியலை, அது போதும்" என்றார். காலை ஆறரைக்குப் போய் ஏழரைக்குத் திரும்பிவிடலாம். மகனின் அரசு சைக்கிள் கேரியரில் பை, அவர்கள் கூடவே நடை. மார்ச்சில் கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் விஷயம்தான் வேடிக்கை. அவர் டூவீலர் மெக்கானிக். சாரின் பழைய ஸ்கூட்டர் மழைக்காலத்திலிருந்து கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. கவர் கொடுக்க முடியாத எரிச்சலில் ஒரு நாள் அதைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போய், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக் மாற்றி, ஆயில் ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். சார் பர்ஸை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டார். "கூலி எவ்வளவு?" என்று கேட்டு அரை மணி நேரம் வாசலில் சண்டை. கடைசியில் பிளக்குக்கும் ஆயிலுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். உள்ளே வந்து என்னிடம், "அந்த மனுஷனுக்கு எவ்வளவு கோபம் வருது பாரு, காசு வேண்டாம்னா" என்கிறார்.

கணக்குப்பிள்ளை:

ஹா ஹா. இப்போது யார் யாருக்குக் கடன்? பற்று வரவு எழுத முடியாத வீடு இது, நான் விலகிக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பாடம் பிடிக்காமல் போனால் எப்படி நிறுத்துவது?

செங்கல்பட்டு லோக்கல்:

அதைத் தொடக்கத்திலேயே பேச வேண்டும். "அரையாண்டு வரைக்கும் பார்க்கலாம் சார்" என்று ஒரு கெடு வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் கௌரவமாக விலகலாம். பிடித்திருந்தால் பொதுத்தேர்வு வரைக்கும் நீட்டிக்கொள்ளலாம்.

மணப்பாறை மாடு:

புதிதாக வந்திருக்கிறேன். எங்கள் தெருவில் இப்படி ஒரு சார் இல்லை, அக்காவும் இல்லை. மகளுக்கு வேதியியல் உதைக்கிறது, அதுவும் கரிம வேதியியல். எழுத்துத் தேர்வு 70-க்கு, அதில் 15 மதிப்பெண்ணாவது எடுத்தே ஆக வேண்டும் என்கிறாள். பயமாக இருக்கிறது. என்னால் செய்ய முடிந்தது என்றால், பால் கொடுக்க முடியும், வைக்கோல் கொடுக்க முடியும்!

சாக்பீஸ் தாத்தா:

எழுத்தில் 15, செய்முறை, அகமதிப்பீட்டோடு சேர்த்து மொத்தம் 35, அவள் சொல்வது சரி. செய்முறை 20, அகமதிப்பீடு 10, இதில் பெரும்பாலும் கை கொடுப்பார்கள். வேதியியல் என் பாடம் இல்லை, ஆனாலும் கரிமத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பெயர் வினைகளை, அதாவது விஞ்ஞானிகள் பெயரால் வழங்கும் வேதிவினைகளை, ஒவ்வொன்றாக அட்டையில் எழுதி, ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் சமன்பாடு என்று வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பால் கறக்கிற நேரத்தில் பெயரை வாசியுங்கள், அவள் சமன்பாட்டைச் சொல்லட்டும். சரியா தப்பா என்று பார்க்க உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை, அட்டையைத் திருப்பினால் போதும். உங்கள் ஊரில் பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கிற பெண் யாராவது விடுமுறைக்கு வருவாள், விசாரியுங்கள். வைக்கோல் எனக்கு வேண்டாம், வீட்டில் மாடு இல்லை.

மணப்பாறை மாடு:

அட்டை இன்றைக்கே வாங்கிவிட்டேன் ஐயா. பி.எஸ்ஸி. படிக்கிற பெண் ஒருத்தி கீழத் தெருவில் இருக்கிறாள், அவர்கள் வீட்டில் மாடும் இருக்கிறது.